விளக்கடி வயல்

அந்த லைட் என்ர லைட். வாங்கினது பிரதேச சபை, பூட்டினது சபையின்ர லைட் வேலைக்காரன் நிரோஜன், அதெல்லாம் சரிதான். ஆனா அதுக்காகத் தொண்டை கிழியக் கத்தினது இரஞ்சிதமாகிய நான். அதால அது என்ர லைட்.

நான் எங்கட வட்டாரத்தின்ர சபை உறுப்பினர். பரந்தனுக்குக் கிட்ட, உள் றோட்டில எனக்கொரு தேத்தண்ணிக் கடை கிடக்குது. கடையடியில பஸ் நிக்கும். அங்க இருந்து ஒரு ஒழுங்கை வயலுக்கால வளைஞ்சு போய் அங்கால வீடுகளில முடியும். கார்மெண்ட்ஸில வேலை முடிஞ்சு வாற பெட்டையள் இருட்டுப்படுற மம்மல் பொழுதில இறங்கி அதாலதான் நடக்கோணும். போன வருசம் தாட்சாயினி எண்ட பிள்ளையை, லைட் இல்லாமல் வந்த லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒண்டு அந்த வளைவில அடிச்சுப் போட்டுது. கால் முறிஞ்சு பொருந்தினாலும் இப்பவும் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறாள். தேர்தலில நான் வீடு வீடாப் போய்ச் சொன்னது ஒரே ஒரு விசயம். வெண்டால் அந்த வளைவுக்கு லைட் வரும், வராட்டி என்ர கடையில வந்து என்னை ஏசுங்கோ எண்டன்.

வெண்டன். சபையின்ர முதல் அமர்வில இருந்தே லைட், லைட், லைட் எண்டு நிண்டன். இன்னொரு உறுப்பினர் கதிர்காமநாதன், இவ மாலைக்கண் வந்த மனிசி போல கிடக்குது எண்டு பகிடி விட்டவர். விடட்டும். ஐப்பசியில லைட் வந்துது. சும்மா குண்டு பல்ப் இல்லை, பெரிய எல்.ஈ.டி. முதல் நாள் அது பத்தினவுடன பெட்டையள் வளைவில நிண்டு தங்கட கையைத் திருப்பித் திருப்பிப் பாத்திச்சினம். ஞானேஸ்வரி வந்து என்ர ரெண்டு கையையும் பிடிச்சாள். 

ஞானேஸ்வரி ஆரெண்டு சொல்லோணும். அவளின்ர தாய் தேப்பன் மலைநாட்டில இருந்து வந்தவை, அவள் பிறந்து வளந்தது ஜெயபுரத்தில. புருசன் இல்லை. மகள் சுமித்திரா தாட்சாயினியோட அதே கார்மெண்ட்ஸில வேலை. அந்த வளைவுக்கு ரெண்டு பக்கமும் கிடக்கிற சின்ன வயலைச் செய்யிறது ஞானேஸ்வரிதான். வயல் அவளின்ரயில்லை. வவுனியாவில இருக்கிற ஒருத்தருக்குச் சொந்தம். அந்த மனிசன் வலு கறார். இந்தப் போகம் செய்து காட்டு, விளைஞ்சால் நீயே வைச்சுச் செய், விளையாட்டி வேற ஆளுக்குக் குடுப்பன் எண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டுப் போனவர். பள்ளக் காணி, மாரிக்கு வெள்ளம் நிக்கும். அதால அவள் தேடிப்பிடிச்சு மொட்டைக்கறுப்பன் விதைச்சவள். உயர வளருற அந்தக்காலத்து நெல்லு, வெள்ளத்துக்கு அசையாது. வேற காணி அவளுக்கு இந்த உலகத்தில இல்லை.

தைப்பொங்கலுக்குக் கிழமை ஒண்டு இருக்கேக்க, மழைக்கு லைட்டுக்குள்ள பூச்சி அடைஞ்சு போச்சுதெண்டு நிரோஜன் சபையின்ர ஏணி வாகனத்தோட வந்தான். நானும் ஏறப்போறன் எண்டன்.

"பயமில்லையோ மெம்பர் அக்கா?"

"ஷெல்லுக்க ஓடினனான் தம்பி. உன்ர ஏணிக்கோ பயப்பிடப்போறன்?"

ஏறினால், அம்மாளாச்சி, என்ன வடிவு. கண்ணுக்கு எட்டின தூரத்துக்கு நெல்லு மஞ்சள் பத்தி நிக்குது. ஞானேஸ்வரியின்ர வயலிலயும் ஓரமெல்லாம் மஞ்சள். ஆனா என்ர லைட்டைச் சுத்தி மட்டும், சட்டியைக் கவிட்டு வைச்சுக் கீறின மாதிரி, வட்டமாப் பச்சை. கரும்பச்சை. அதுக்க ஒரு இடத்தில மட்டும் நீளமா ஒரு மஞ்சள் கீறு ஓடிச்சுது. அதில தண்ணி ஏறேல்லைப் போல எண்டு நினைச்சன். மற்றப்படி முழுக்கப் பசுமை. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சுது. நிரோஜனைக் கொண்டு படம் எடுப்பிச்சன். நானும் லைட்டும் பச்சை வட்டமும். பேஸ்புக்கில போட்டன். 'எமது வீதி விளக்கின் கீழ் செழிக்கும் வயல்' எண்டு செந்தமிழில எழுதியும் விட்டன்.

அதோட நிண்டனோ? இல்லை. அடுத்த அமர்வில எழும்பி நிண்டு, லைட் மனிசருக்கு மட்டுமில்லை, பயிருக்கும் நல்லதெண்டு நிரூபிச்சிருக்கிறன் எண்டு சொன்னன். கதிர்காமநாதன், அப்ப எங்கட பக்கமும் நாலைப் பூட்டுங்கோ, உரம் போடத் தேவையில்லை எண்டார். நான் அதையும் புகழ்ச்சியா எடுத்துக்கொண்டு இருந்தன். நுணலும் தன் வாயால் கெடும் எண்டு சும்மாவே சொல்லிவைச்சவை.

படத்தைப் பாத்திட்டு விவசாயப் போதனாசிரியர் சுதாஜினி போன் எடுத்தா. சின்ன வயசு, ஆனா நிதானமான பிள்ளை.

"அக்கா, அந்த வயலில விதைச்சது என்ன நெல்லு?"

"மொட்டைக்கறுப்பன்."

 நாளைக்குக் காலமை வாறன், வயல்காரியையும் நிக்கச் சொல்லுங்கோ எண்டா. எனக்குப் பெரிய புளுகம், சந்தோசம். பரிசு ஏதும் தரப்போகினம் எண்டு நல்ல சீலையாப் பாத்து உடுத்துக்கொண்டு போனன்.

காலமை பனி விலகேல்லை. ஞானேஸ்வரி வரம்பில குந்தியிருந்தாள். சுதாஜினி பச்சைக்குள்ள இறங்கி ஒரு பயிரைப் பிடுங்கி, தண்டை நகத்தால கீறி விரிச்சுக் காட்டினா. உள்ளுக்க வெள்ளையா, வெறுமையாக் கிடந்துது.

"கதிர் இல்லை அக்கா," எண்டா. "ஓரத்தில நிக்கிறது கதிர் விட்டு முத்தியும் போச்சுது. இதுக்குள்ள கதிருக்குரிய கருவே இல்லை. பச்சையா நிக்கிறது செழிப்பாலயில்லை. இது இன்னும் பிள்ளையாத்தான் நிக்குது."

"ஏனாம்?"

"உங்கட லைட்டால."

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. "விசர்க்கதை கதையாதேங்கோ தங்கச்சி. றோட்டுக் கரையெல்லாம் லைட் எரியுது, வயல் விளையேல்லையோ?"

"அது மூண்டு மாச நெல்லு, மூண்டரை மாச நெல்லு அக்கா. அதுகளுக்கு வயசு வந்தால் கதிர் வரும். இந்தப் பழைய நெல்லு அப்பிடியில்லை. இது இரவைப் பாத்துக்கொண்டு நிக்கும். மாரிக்கு இரவு நீளுதெல்லோ? இரவு போதுமான அளவு நீண்டிட்டுது எண்டு அதுக்குத் தெரியோணும். தெரிஞ்சாப்பிறகுதான் கதிர் கட்டத் தொடங்கும். உங்கட லைட்டுக்குக் கீழ நிக்கிறதுக்கு ஐப்பசியில இருந்து இன்னும் இரவே வரேல்லை."

நெல்லுக்குக் கண்ணோ கிடக்குது எண்டு கேட்டுக்கொண்டு நான் சீலையைத் தூக்கிச் செருகிப்போட்டு வயலுக்க இறங்கினன். கோவத்தில இறங்கினனே தவிர எங்க போறனெண்டு தெரியாது. அந்த மஞ்சள் கீறடியில போய் நிண்டன். மேல இருந்து பாத்த அதே கீறு. சுத்திவரப் பச்சை, அதுக்குள்ள மட்டும் கதிர் சாஞ்சு, மணி முத்தி, தொட்டால் கையைக் குத்துது. தண்ணி மற்ற இடம் மாதிரித்தான் நிண்டிருக்குது. அதே விதை, அதே சேறு. ஏன் இதுக்கு மட்டும் எண்டு யோசிச்சுக்கொண்டு அந்தக் கீறால நடந்தன். கீறு ஒரு பனையடியில போய் முடிஞ்சுது. லைட்டுக்குக் கிட்ட, வரம்பில நிக்கிற, லைட்டை விட உயரம் குறைஞ்ச ஒற்றைப் பனை.

திரும்பிப் பாத்தன். லைட், பனை, கீறு, மூண்டும் ஒரே நேர்கோட்டில நிண்டுது. கீறு பனையடியில ஒடுக்கமாத் தொடங்கி, தூரப் போகப் போக அகண்டு, கடைசியில விரிஞ்ச ஓலை மாதிரிப் பல்லுப் பல்லாப் பிரிஞ்சு கிடந்துது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சுது. அது பனையின்ர நிழல். பகலில எண்டால் நிழல் ஒரு இடத்தில நில்லாது, சூரியனோட சுத்தும். லைட் அசையாது, பனையும் அசையாது. இரவு இரவா அந்த நிழல் அதே இடத்தில கிடந்திருக்குது. அதுக்குள்ள நிண்ட நெல்லு மட்டும் இரவு வந்திட்டுது எண்டு அறிஞ்சு கதிர் விட்டிருக்குது. அடுத்த பயிருக்கு அது தெரியேல்லை. ஒரு முழம் தள்ளி நிக்கிறதுக்குத் தெரியேல்லை. நான் அம்பது வருசத்துக்கு மேல இந்த வயல்களைப் பாத்துக்கொண்டு சீவிக்கிறன், சோறு திண்டிருக்கிறன். அது சும்மா நிக்குது எண்டுதான் நினைச்சிருந்தனான். அது அங்க நிண்டு இரவை அளந்துகொண்டு நிண்டிருக்குது. கோயில் மூலஸ்தானத்தில திரை விலகேக்க வருமே ஒரு பயம், அப்பிடி ஒண்டு எனக்கு அந்தச் சேத்துக்க நிக்கேக்க வந்துது. கையெடுத்துக் கும்பிட்டன். ஆரைக் கும்பிட்டனான் எண்டு கேட்டால் எனக்குத் தெரியாது.

வரம்புக்கு ஏறி வந்து ஞானேஸ்வரியைப் பாத்தன். அவளின்ர முகத்தில ஒரு ஆச்சரியமும் இல்லை.

"உனக்குத் தெரியுமோ?"

"ஆமாக்கா."

"எப்ப துவக்கம்?"

"திருவெம்பாவை நேரமே தெரிஞ்சிருச்சு. வெளிச்சம் எதுவரைக்கும் விழுதோ அதுவரைக்கும் கதிர் வரல. நெழல்ல மட்டும் வந்துச்சு. ஏன்னு தெரியல. ஆனா லைட்டுதான்னு தெரிஞ்சிருச்சு."

"வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேயடி. உன்ர கடையெண்டுதானே என்ர கடைக்கு வந்து போறனீ. வயல் போப்போகுது. தெரிஞ்சுகொண்டு சும்மா இருந்தனியோ?"

அவள் லைட்டை நிமிந்து பாத்தாள். பகலில அது சும்மா ஒரு தகரப்பெட்டி மாதிரித்தான் நிண்டுது.

"புள்ள வர்ற வழிக்கா," எண்டாள். "வயலு போனா வேற எங்கயாச்சும் கூலிக்குப் போயிக்கலாம்."

எனக்கு அழுகை வந்திட்டுது. நான் லேசில அழுகிற ஆளில்லை. நான் லைட்டுக்குப் பக்கத்தில நிண்டு படம் எடுத்து ஊருக்குக் காட்டின நேரம், இவள் கீழ நிண்டு தன்ர வயல் அழியிறதைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறாள். படத்தில ஒரு ஓரத்தில அவளும் நிக்கிறாள். பிறகுதான் கவனிச்சனான்.

மூக்கைச் சிந்திப்போட்டு, காப்பாத்த ஏலுமோ எண்டு சுதாஜினியைக் கேட்டன். ஏலும் எண்டா. இப்பவே லைட்டை நிப்பாட்டினால் இன்னும் நீட்டு இரவு கொஞ்சம் மிஞ்சிக் கிடக்குது, வாய்க்கால் தண்ணியும் இருக்குது, மாசி கடைசிக்குள்ள கதிர் வெளியில வரும். சுணங்கினால் பகல் நல்லா நீண்டிடும், பிறகு சாமி வந்தாலும் சரிவராது எண்டா.

அந்தக் கிழமையே விசேட அமர்வு கேட்டு, பிரேரணையோட எழும்பி நிண்டன். என்ர லைட்டை நிப்பாட்டச் சொல்லி நானே. மண்டபம் சிரிச்சுது. கதிர்காமநாதன் கதிரையில சாஞ்சுகொண்டு கேட்டார்:

"பூட்டச் சொல்லிச் சண்டை பிடிச்சதும் நீங்கள், அணைக்கச் சொல்லிச் சண்டை பிடிக்கிறதும் நீங்களோ? போன கிழமை பயிருக்கு நல்லதெண்டு சொன்னனீங்கள்."

"ஓம், சொன்னனான். ஒண்டும் தெரியாமல் வாயை விட்டனான். இப்ப தெரியும், அதாலதான் நிக்கிறன். வேணுமெண்டால் இன்னும் கொஞ்சம் சிரியுங்கோ, சிரிச்சு முடியக் கதைப்பம்."

பனை நிழலின்ர கதையைச் சொன்னன். சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்கிச்சுது. அங்க இருக்கிறவையில முக்கால்வாசிப் பேர் வயல் செய்யிற ஆக்கள். கதிர்காமநாதன் நிமிந்து இருந்து, கீறு ஓலை மாதிரியே விரிஞ்சதோ எண்டு ரெண்டு தரம் கேட்டார். சபைத் தலைவரான தவிசாளர் லைட்டுக்கு ஒரு பக்கம் தகரம் அடிக்கலாமே எண்டார். வளைவுக்கு ரெண்டு பக்கமும் வயல், வயலுக்குத் தகரம் அடிச்சால் ஒழுங்கைக்கும் வெளிச்சம் விழாதெண்டு வாசலடியில நிண்ட நிரோஜன் சொன்னான். தவிசாளர் கொஞ்ச நேரம் நெத்தியைத் தடவினார்.

"லைட்டை நிப்பாட்டி இன்னொரு பிள்ளைக்கு அடிபட்டால் ஆர் பதில் சொல்லுறது? அந்தப் பாதையால நடக்கிற பிள்ளையள் ஓமெண்டால் நான் ஓம். அதுகள் மாட்டன் எண்டால் லைட் எரியும்."

அவர் சொன்னது ஞாயம். அண்டைக்குப் பின்னேரமே கடையடியில நிண்டன். பஸ் வந்து பெட்டையள் இறங்கிச்சினம். எல்லாரையும் மறிச்சு, நிண்ட நிலையில எல்லாத்தையும் சொன்னன். இரவு வராத நெல்லு, பனை நிழல், ஞானேஸ்வரி வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது, ஒண்டையும் விடேல்லை. சுமித்திரா சாப்பாட்டுப் பையை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு நிண்டாள்.

"அம்மா எனக்கு ஒண்ணுமே சொல்லல," எண்டாள். பிறகு நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவள்தான், தலையை நிமித்தேல்லை.

 எல்லாரும் தாட்சாயினியைப் பாத்திச்சினம். கால் முறிஞ்சது அவளுக்கு, சொல்ல வேண்டியதும் அவள்தான். அவள் வளைவுப் பக்கம் ஒருக்காப் பாத்தாள். லைட் அப்பதான் பத்திச்சுது.

"நிப்பாட்டுங்கோ," எண்டாள். "ஆனா மெம்பர் அக்காவும் எங்களோட நடக்கோணும். வெளிச்சம் தாறன் எண்டுதானே வோட் வாங்கினனீங்கள்? லைட் இல்லாட்டி நீங்கள்தான் லைட்."

பெட்டையள் சிரிச்சுதுகள். என்ர முழங்கால் நோவைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை. அடுத்த நாள் நிரோஜன் வந்து லைட்டைக் கழட்டினான்.

அண்டு துவக்கம் நான் தினமும் நடந்தன். மம்மலுக்குக் கடையைச் சாத்திப்போட்டு, ஒரு டோர்ச்சோட முன்னுக்கு நான், பின்னுக்குப் பெட்டையள். லாண்ட்மாஸ்டர்காரர் ஒவ்வொருத்தரையும் கடையில தேத்தண்ணியும் குடுத்து ஏச்சும் குடுத்து, பஸ் வாற நேரம் அந்தப் பக்கம் தலை காட்டக்கூடாதெண்டு சொல்லி வைச்சன். டோர்ச்சை நிலத்தில அடிச்சுக்கொண்டு போனால் பிழையில்லை எண்டு சுதாஜினி சொன்னவா. ஆனா பெட்டையள் தாங்களாவே போனைப் பையுக்க வைச்சிட்டுதுகள். முதல் ரெண்டு நாளும் கலகலவெண்டு கதைச்சுக்கொண்டு வந்ததுகள், பிறகு வளைவு வந்தால் கதையைக் குறைச்சுக்கொண்டுதுகள். நானும் வளைவில டோர்ச்சை நூத்துப்போடுவன். கண்ணுக்கு இருட்டுப் பழகும்மட்டும் நிண்டு, பிறகு நடப்பம். ரெண்டு பக்கமும் நெல்லு ஒரு சத்தமும் இல்லாமல் நிக்கும். இப்ப இது எங்களைப் பாக்கேல்லை, இரவைப் பாத்துக்கொண்டு நிக்குது எண்டு நினைக்க எனக்கு மூச்சே மெள்ளத்தான் வரும். இருட்டெண்டால் பயம், இருட்டெண்டால் கெட்டது எண்டுதான் சின்னனில இருந்து எனக்குள்ள ஊறிக் கிடந்தது. இருட்டுக்காகக் காத்துக்கொண்டு நிக்கிற உயிரும் இருக்குதெண்டு அந்த வளைவில நிண்டுதான் படிச்சன்.

தைப்பூசம் போச்சுது. ஓரத்து மஞ்சளையும் பனை நிழலையும் ஞானேஸ்வரி அரிவாளால வெட்டி எடுத்தாள். நடுவில பச்சை அப்பிடியே நிண்டுது. வயல்காரர் வவுனியாவில இருந்து போன் எடுத்து, மாசி முடிய வந்து பாப்பன், கதிர் இல்லாட்டி வரம்பிலயே முடிவு சொல்லுவன் எண்டாராம். ஞானேஸ்வரி காலமையில போய் ஒவ்வொரு தண்டாத் தடவிப் பாப்பாள். வெறும் தண்டு. நான் கடையில நிண்டுகொண்டே அவளின்ர முகத்தைப் பாத்து விளங்கிக்கொள்ளுவன். ஒண்டும் கேக்கிறேல்லை. சுதாஜினி சொன்னது பிழைச்சுதெண்டால் என்ன செய்யிறதெண்டு எனக்கு நித்திரையும் சரியா வரேல்லை. வட்டாரத்துக்கு வெளிச்சம் குடுக்க வந்து ஒருத்தியின்ர சோத்தில மண்ணைப் போட்டவள் எண்ட பேரோட நான் அந்த ஒழுங்கையால நடக்கமாட்டன், உறுப்பினர் வேலையையே விட்டிட்டுப் போயிடுவன் எண்டு எனக்குள்ள முடிவும் எடுத்திருந்தனான்.

மாசி முடியிற கிழமை, ஒரு நாள் ஞானேஸ்வரி காலமையில கடைப்பக்கம் வரேல்லை. மத்தியானமும் வரேல்லை.  போய்ப் பாக்க எனக்குப் பயம். பின்னேரம் பஸ் வந்து, பெட்டையள் இறங்கி, வழமை போல நடந்தம். வளைவில டோர்ச்சை நூத்தன். பனையடியில ஆரோ நிக்கிறது தெரிஞ்சுது.

"அம்மாவா?" எண்டாள் சுமித்திரா.

"ஆமா புள்ள. கைய நீட்டு."

என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியேல்லை. அவ்வளவு இருட்டு. சுமித்திராவின்ர மூச்சு மட்டும் கேட்டுது. பிறகு அவள் விம்முறதும் கேட்டுது. அவள் அதைத் தாட்சாயினிக்குக் குடுத்தாள். தாட்சாயினி கன நேரம் வைச்சுத் தடவிப்போட்டு அடுத்தவளிட்டக் குடுத்தாள். கையுக்குக் கை மாறி மாறி வந்து, கடைசியா என்ர கையில வந்துது.

ஒரு கதிர். பச்சைப் பிள்ளை மாதிரிச் சதசதவெண்டு, உறையை விட்டு அப்பதான் வெளியில வந்தது. மணி இன்னும் திரளேல்லை. விரலால தடவினன். ஒவ்வொரு மணியிலும் துளித் துளியாப் பூ. வயல் முழுக்கவோ எண்டு கேட்டன். 

"வயலு முழுக்கக்கா," எண்டாள் ஞானேஸ்வரி.

பத்துப் பெட்டையளிட்டயும் போன் இருந்துது. என்ர கையிலயும் டோர்ச் இருந்துது. ஒருத்தரும் பத்த வைக்கேல்லை.